பராமரிப்பு முடிந்த பிறகும் ரயில் ஏன் ஊர்கிறது?

மதுரை–போடி பாதையில் வேலை முடிந்து ஒரு வாரம் ஆகியும் தேனிக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் ரயில் ஊர்கிறது, தண்டவாளம் கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். 12 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து 2023இல்தான் போடிக்கு மறுபடி ரயில் வந்தது. உங்கள் கவலை எனக்குப் புரிகிறது.

பயப்படாதீர்கள். ஜல்லியைத் தோண்டிச் சலித்துப் போட்டதாகச் சொல்கிறீர்களே, அதுதான் காரணமாக இருக்கும். தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையான சிலீப்பரை அசையாமல் பிடித்து வைப்பது ஜல்லிதான். ஒருமுறை கலைத்துவிட்டால், இயந்திரத்தால் குத்தி இறுக்கினாலும் பழைய பிடிப்பு உடனே வராது. ரயில்கள் மேலே ஓட ஓடத்தான் கற்கள் ஒன்றையொன்று கவ்வி உட்காரும். அதற்குள் கடும் வெயில் அடித்தால், நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் விரிவடைய இடமில்லாமல் பக்கவாட்டில் நெளிந்துவிடலாம். நிஜமான ஆபத்து அது. அதனால்தான் முதலில் மெதுவாக ஓட்டி, அப்புறம் படிப்படியாக வேகத்தைக் கூட்டுகிறார்கள்.

அடுத்த முறை ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். பயணிகள் ரயிலுக்கு வேகக் கட்டுப்பாடு முடிந்ததைக் காட்டும், ‘டி/பி’ (T/P) என்று எழுதிய மஞ்சள் பலகையை எஞ்சின் தாண்டியதும் ரயில் வேகமெடுத்தால், அது திட்டமிட்டு வைத்த கட்டுப்பாடுதான். மாதக்கணக்கில் அப்படியே நீடித்தால் மட்டும், கிலோமீட்டர் கல்லின் எண்ணைக் குறித்துக்கொண்டு நிலைய மேலாளரிடம் எழுதிக் கொடுங்கள்.