ரத்தத்தைக் கண்டால் பயப்படும் பெண்ணை நர்சிங் சேர்க்கலாமா?

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மகள் பிளஸ் டூவில் உயிரியல் குரூப், நர்சிங்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள், ஆனால் கோழிக்கடைப் பக்கம் போனாலே முகம் வெளுத்துவிடுகிறது, "இவ போய் யாருக்காவது மருந்து மாத்திக் குடுத்துட்டா என்ன பண்றது" என்று உங்களுக்குத் தூக்கம் வரவில்லை. சரி. இதில் இருப்பது இரண்டு பயம். ரத்த பயம் வார்டுக்குப் போகப் போகப் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடும். தப்பு செய்துவிடுவோமோ என்ற பயம் குறையவே வேண்டாம், அது இல்லாத ஆளைத்தான் நான் நர்சிங் பக்கம் அனுப்பத் தயங்குவேன்.

ஏன் என்றால், அந்த வேலையில் பாதி, சரிபார்ப்பதுதான். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி (வாயிலா, ஊசியிலா), சரியான நேரம் என்று ஐந்தை முதல் வருடத்திலேயே மனப்பாடம் செய்ய வைப்பார்கள். கேட்க எளிது. ஒரே வார்டில் இரண்டு லட்சுமி படுத்திருக்கும்போது, "நீங்கதானே லட்சுமி?" என்று கேட்டால் அரைத் தூக்கத்தில் இருக்கும் பாட்டி எதற்கும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவார். "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டு, அவர் வாயால் வந்த பெயரையும் கையில் கட்டியிருக்கும் பட்டையின் எண்ணையும் கேஸ் ஷீட்டோடு ஒப்பிட வேண்டும். கட்டில் நம்பரை நம்பவே கூடாது, காலையில் இருந்த ஆள் மதியம் வேறு கட்டிலுக்கு மாறியிருப்பார்.

இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளதும் இருக்கிறது, 100 யூனிட் உள்ளதும் இருக்கிறது, இரண்டுக்கும் ஊசி வேறு. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் ஊசியில் எடுத்தால், 10 என்ற கோடு வரை இழுத்தாலே உள்ளே போவது 25 யூனிட். சர்க்கரை தாழ்ந்து ஆள் மயங்கிவிடலாம். அதனால்தான் பல இடங்களில் இன்சுலினை இன்னொரு நர்சிடம் காட்டிவிட்டுப் போடுகிறார்கள். உங்கள் பெண் "ஒரு தடவை பாருங்க அக்கா" என்று கேட்கக் கூச்சப்படாதவளா? அதைவிட முக்கியம், சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டால் பரிமாறும் முன்பே சொல்லிவிடுவாளா, யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று பேசாமல் இருப்பாளா? எனக்கு மார்க்கைவிட இந்தப் பதில்தான் வேண்டும்.

"ஊசி போடுறதும் பெட்பேன் வைக்கிறதும்தானே" என்று உங்கள் கணவர் சொன்னாராம். என் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆன மறுநாள் இருமல் வந்தபோது தையல் கிழிவது போல வலித்தது, இருமாமல் அடக்கினார், அடக்கினால் நெஞ்சில் சளி கட்டிவிடும். நைட் டியூட்டியில் இருந்த ஒரு பெண் வந்து தலையணையை வயிற்றோடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொன்னார், முழங்காலுக்குக் கீழே இன்னொரு தலையணை வைத்தார். மருந்து ஒன்றும் கூடுதலாகத் தரவில்லை, அம்மா இருமினார், தூங்கினார். இடித்துக்கொண்ட இடத்தை நாம் தேய்த்துவிடுகிறோமே, தொடு உணர்ச்சி போய் வலிச் செய்தியை முதுகுத்தண்டிலேயே தணிக்கிறது என்று 1965-லேயே மெல்சாக், வால் என்ற இருவர் கோட்பாடாக எழுதிவிட்டார்கள். பிரசவ வலியில் இடுப்பை அழுத்தித் தேய்ப்பது, சுளுக்குக்குத் துணி சுற்றிய ஐஸ் ஒத்தடம், ஊசிக்கு முன் குழந்தையைத் தாய்ப்பால் குடிக்க விடுவது எல்லாம் நர்சுகள் கையில் இருக்கும் வித்தைகள்.

ஆனால் எங்கே செய்யக்கூடாது என்பதற்குத்தான் படிப்பு வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் தோல் வெந்துபோவதுகூடத் தெரியாது. மாவுக்கட்டு போட்ட காலில் மாத்திரை கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போய், விரலை அசைத்தால் அலறுகிறார் என்றால் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது, டாக்டரை எழுப்ப வேண்டும். உள்ளே வீக்கம் ரத்த ஓட்டத்தை நெரித்துக்கொண்டிருக்கலாம், கவனிக்காமல் விட்டால் சில மணி நேரத்தில் காலே போய்விடலாம்.

பி.எஸ்சி.யா டிப்ளமோவா என்றும் கேட்டிருந்தீர்கள். பி.எஸ்சி. நான்கு வருடம், ஜி.என்.எம். என்னும் டிப்ளமோ மூன்று வருடம். ஜி.என்.எம். முடித்தவர் பிறகு இரண்டு வருடம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டம் வாங்கலாம். இரண்டில் எதை முடித்தாலும் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்யலாம், அரசு மருத்துவமனை வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வும் எழுதலாம். வெளிநாடு, மேற்படிப்பு என்று யோசனை இருந்தால் நேராக பி.எஸ்சி.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். பிள்ளைகள் பயிற்சிக்குப் போகும் மருத்துவமனை எது, கட்டில்களில் நிஜமாக நோயாளிகள் இருக்கிறார்களா, வார்டில் கூடவே நின்று சொல்லித்தர ஆசிரியர் வருகிறாரா என்று கேளுங்கள். முடிந்தால் மூன்றாம் வருடப் பெண் ஒருத்தியை கேன்டீனில் தனியாகப் பிடித்து, "தப்பு பண்ணிட்டா இங்க என்ன செய்வாங்க?" என்று உங்கள் மகளையே கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பதில் சொன்னால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.