யாரைப் பார்த்தாலும் அவளோடு என்னை ஒப்பிடுகிறேன், எப்படி நிறுத்துவது?

எந்தப் பெண் எதிரே வந்தாலும் கண் முதலில் அவள் இடுப்புக்கோ தோலுக்கோதான் போகிறது, அப்புறம் நாள் முழுக்க மனசு சரியில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அடியோடு நிறுத்த முடியாது. அளவுகோல் இல்லாத விஷயத்தில் மனிதர்கள் அடுத்தவரைப் பார்த்துத்தான் தங்களை எடைபோடுவார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே எழுதிவிட்டார். ஆனால் நீங்கள் பிடிக்கும் தராசு கோணல். அதைச் சரிசெய்யலாம்.

லிஃப்ட்டில் ஒருத்தி ஏறுகிறாள். அடர்த்தியான கூந்தல். உடனே உங்கள் கை வகிட்டைத் தடவுகிறது. அவளிடம் சிறந்தது எதுவோ, அதையும் உங்களிடம் உங்களுக்கே பிடிக்காதது எதுவோ, அதையும் சேர்த்து வைத்துவிட்டீர்கள். தூரமும் வேறு. அவளை நான்கடி தள்ளி, நின்று பேசும் முழு ஆளாகப் பார்க்கிறீர்கள். உங்களையோ கண்ணாடியில் மூக்கு இடிக்கும் நெருக்கத்தில், துளைத் துளையாக. அவ்வளவு கிட்டத்தில் யார் தோலும் அப்படித்தான் இருக்கும்.

செல்ஃபி இன்னும் மோசம். 30 செ.மீ. தூரத்தில் எடுத்தால், 1.5 மீட்டரில் எடுத்ததைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாக விழும். கேமராவுக்கு மிக அருகில் இருப்பது மூக்குதானே. இன்னொன்று: கண்ணாடியில் தினமும் பார்த்துப் பழகியது இடவலம் மாறிய முகம். பின்கேமரா படத்தில் அது நேராக வரும்போது ஏதோ கோணலாகப் படும். பழக்கமில்லாததை அசிங்கம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஒரு வாரம் போனில் குறித்து வையுங்கள்: எங்கே, யாரை, உடம்பின் எந்தப் பகுதி, அதன்பின் என்ன செய்தீர்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு பகுதிகளே திரும்பத் திரும்ப வரும். அடுத்த முறை கண் அங்கே மாட்டிக்கொண்டால் பிடுங்காதீர்கள், தொடர்ந்து ஓட விடுங்கள்: செருப்பு, கையில் இருக்கும் பை, நிற்கும் விதம். கண்ணாடி முன்னாலும் இதேதான். ஒரு கை நீளம் தள்ளி நின்று, தலை முதல் கால் வரை பாருங்கள், வந்த வேலை முடிந்ததும் நகர்ந்துவிடுங்கள்.

பலர் சறுக்கும் இடம், தன்னைவிடக் குண்டானவளைத் தேடி ஆறுதல் அடைவது. ஆறுதல் கிடைக்கும், ஆனால் கையில் அதே தராசு. "நான் வெயிட் போட்டுட்டேனா?" என்று வீட்டில் கேட்பதும் அப்படித்தான், இல்லை என்ற பதில் கொஞ்ச நேரம்கூடத் தாங்காது, மறுபடி கேட்கத் தோன்றும்.

இந்த நினைப்பே தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால், அல்லது சாப்பாட்டையோ வெளியே போவதையோ தவிர்க்கிறீர்கள் என்றால், தனியாகப் போராடாதீர்கள். மனநல மருத்துவரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். இதற்குச் சிகிச்சை இருக்கிறது.