புதிய பாப் பாடகர்களை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? இப்போது உங்களுக்குப் பிடித்த பாடல்களை வரிசைப்படுத்த முடியுமா?

நான் கோத்தகிரியில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். புதுப் பாட்டைத் தேடி நான் எங்கும் போனதில்லை. பாட்டுதான் மேட்டுப்பாளையத்தில் என் பின் சீட்டில் ஏறி மலைக்கு வருகிறது.

பார்ட்டியை ஏற்றி, லக்கேஜைக் கட்டி, வண்டி டவுனைத் தாண்டுவதற்குள் ஒரு குரல் வந்துவிடும்: "அண்ணா, ப்ளூடூத் கனெக்ட் பண்ணிக்கலாமா?" பண்ணிக்கோங்க என்பேன். கோவை, சென்னை, பெங்களூரு, மலப்புறம் என்று ஊர் ஊராக வருகிறவர்கள், அந்தந்த ஊரில் அந்த மாதம் எது ஓடுகிறதோ அதைக் கொண்டு வருவார்கள். ஒரு சீசனில் என் வண்டிக்குள் கேட்கும் பாட்டை வேறு எந்த வேலையில் இருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

இதில் முக்கியமான விஷயம் சிக்னல். மலை ஏறும் வழியில் குஞ்சப்பனை தாண்டினால் நெட் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். அதுவரை ஆன்லைனில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரு வளைவில் சட்டென்று நின்றுவிடும். அப்போது போனை வைத்திருப்பவர், "இருங்க, டவுன்லோடு பண்ணினது இருக்கு" என்று வேறு ஒன்றைப் போடுவார். நான் காதைத் தீட்டிக்கொள்வது அந்த நேரத்தில்தான். ஆப் தானாக அடுத்தடுத்துப் போட்டுத் தள்ளுவது வேறு, ஒருவர் தன் போனில் இடம் ஒதுக்கிச் சேர்த்து வைத்திருப்பது வேறு. ஒரே பாட்டு மூன்று வெவ்வேறு பார்ட்டியின் போனில் டவுன்லோடாகி இருந்தால் அந்தப் பாடகரை விட்டுவிடக் கூடாது என்று எனக்குத் தெரிந்துவிடும். ஸ்டீரியோவில் பேர் ஓடும்போது மனசில் பிடித்துக்கொண்டு, சோதனைச் சாவடியிலோ டீக்கடையிலோ நிற்கும்போது டிரிப் ஷீட்டின் பின்பக்கம் எழுதி வைப்பேன். 2024 மே மாதம் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகு சாவடி வரிசையில் எழுத நேரம் தாராளமாகவே கிடைக்கிறது.

கண்டுபிடிப்பது இப்படி. வரிசைப்படுத்துவது எப்படி என்பதற்கு இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும்.

சில வருஷத்துக்கு முன் கட்டபெட்டுப் பக்கம், மாலை ஆறு மணி, நல்ல மூடுபனி. பின்னால் பையன்கள் பாட்டைச் சத்தமாக வைத்திருந்தார்கள். எதிரே வந்த தேயிலை லாரியின் ஹாரன் என் காதில் விழவே இல்லை. வலது பக்கக் கண்ணாடி மடங்கி உடைந்ததோடு போனது. அன்றிலிருந்து பனி இறங்கினால் ஸ்டீரியோவை அணைத்து, கண்ணாடியை இறக்கி, காதை வெளியே வைத்துத்தான் ஓட்டுகிறேன். பார்ட்டியை இறக்கிவிட்டு எம்ப்டியாகத் திரும்பும் இரவுகளில் பாதி நேரம் அப்படித்தான் போகும். இன்ஜின் சத்தமும் சொட்டுகிற மரமும் தவிர ஒன்றும் இருக்காது. அந்த அமைதியில் எந்தப் பாட்டு தானாக வாய்க்கு வருகிறதோ, அதற்குத்தான் மேல் இடம். எத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள் என்பதை நான் பார்ப்பதில்லை.

அந்தக் கணக்கில் இன்றைக்கு முதல் இடம் சாய் அபயங்கரின் 'ஆச கூட'. 2024இல் வந்தது. அதே வருஷத் தொடக்கத்தில் அவருடைய 'கட்சி சேர' வந்தபோது என் வண்டியில் ஒரு நாளைக்கு நான்கு முறையாவது ஓடும், பின் சீட்டில் உட்கார்ந்த இடத்திலேயே கை ஆட்டம் நடக்கும். எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. ஆட வைத்தது, ஆனால் இரவில் திரும்பி வரவில்லை. 'ஆச கூட' வந்தது. அவரும் சகோதரி சாய் ஸ்மிருதியும் சேர்ந்து பாடியது. பாடகர்கள் திப்புவும் ஹரிணியும் இவர்களின் பெற்றோர் என்று ஒரு கல்லூரிப் பெண் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. அந்த இருவரின் பாட்டு இல்லாத கேசட் எங்கள் ஸ்டாண்டில் ஒரு காலத்தில் எந்த வண்டியிலும் கிடையாது.

இந்தப் பையன் விஷயத்தில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ஒன்று உண்டு. நான் வண்டி எடுத்த புதிதில் "விஜய் பாட்டு போடுங்கண்ணா", "சூர்யா பாட்டு போடுங்கண்ணா" என்றுதான் கேட்பார்கள். பாடியது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. இப்போது "சாய் பாட்டு இருக்கா?" என்கிறார்கள். படம் இல்லை, ஹீரோ இல்லை, பாட்டே முதலில் வருகிறது. சினிமா அதன் பின்னால் போய் அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. 2025 தீபாவளிக்கு வந்த 'டியூட்' படத்துக்கு அவர்தான் இசை. தமிழ்ப் பாட்டு கேட்டு வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும்.

இரண்டாம் இடம் பிரியா ராகு. இவரை நான் இந்த வரிசையில் வைத்ததற்குப் பின்னால் என் அப்பாயி இருக்கிறார்.

நாங்கள் தாயகம் திரும்பிய குடும்பம். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்ட பிறகு சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு அரசாங்கம் எங்களைப் போன்றவர்களுக்காகவே நட்ட டேன்டீ தோட்டத்துக்கு வந்தவர்கள். அப்பாயி அங்கேயும் கொழுந்து பறித்தார், இங்கேயும் கொழுந்து பறித்தார். போன வருஷம் கோவையில் கண் ஆபரேஷன் முடித்து அவரை என் வண்டியில்தான் அழைத்து வந்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் வெளியே வேடிக்கை பார்க்க முடியவில்லை. அதனால் பாட்டையே கேட்டுக்கொண்டு வந்தார். அதற்கு முந்தின வாரம் ஒரு பெங்களூரு பார்ட்டியிடம் கேட்டு எழுதி வைத்திருந்த 'குட் லவ் 2.0' ஓடியது. இங்கிலீஷ் பாட்டு, ஊடே தமிழ் வரும். அப்பாயி மடியில் இருந்த மாத்திரைக் கவரின் மேல் இரண்டு விரலால் தட்ட ஆரம்பித்தார். கொழுந்துக் கறை ஏறி ஏறிக் கருத்துப் போன விரல்கள் அவை.

"இது பொப்பு தானே ராசா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிலோனில் பாப் என்று சொல்ல மாட்டார்கள், பொப் என்பார்கள். அவர் இளம் பெண்ணாக இருந்த காலத்திலேயே அங்கே தமிழ் பொப் இசை உண்டு. நித்தி கனகரத்தினம் பாடியிருக்கிறார். ஏ. இ. மனோகரனுக்குப் பொப் இசைச் சக்கரவர்த்தி என்றே பட்டம். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு வீட்டு ரேடியோவை வைத்துப் பத்து வீடு கேட்டதாக அப்பாயி சொன்னார். நான் புதுசு புதுசு என்று எழுதி வைத்துக்கொண்டிருந்ததை அவர் ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்கிறார்.

"ஆமா அப்பாயி, சுவிஸ்ல பொறந்த பொண்ணு. அப்பா அம்மா சிலோன்" என்றேன்.

"சிலோன்ல எங்குட்டு?"

"யாழ்ப்பாணம் பக்கம் போல. கூடப் பொறந்தவருதான் மியூசிக், அவரு தன் பேரையே ஜாஃப்னா கோல்டுன்னு வச்சிருக்காரு."

கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். பிறகு, "தோட்டத்துப் புள்ளைங்களுக்குச் சுவிஸுக்குப் போக ஏது காசு. நம்மள மண்டபத்துக்குல்ல ஏத்தி விட்டாங்க" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வது போலச் சொன்னார். அப்புறம், "நல்லாப் பாடுது. இன்னொருக்கா போடு" என்றார்.

பிரியா ராகு 2021இல் வெளியிட்ட தொகுப்பின் தலைப்பிலேயே தமிழ் என்ற சொல் இருக்கிறது. 2023இல் வந்த ஆல்பத்துக்குப் பேரே 'சந்தோசம்'. தேதியைப் பார்த்தால் இந்த மாதப் பாட்டு இல்லைதான். ஆனால் புதுப் பாடகர் என்றால் எனக்குப் புதியவர் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

"அப்படியானால் 'என்ஜாய் எஞ்சாமி' எங்கே?" என்று கேட்பீர்கள். பாடகி தீயும் பாடகர் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் 2021 மார்ச்சில் வந்த பாட்டு. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு இந்தியா திரும்பியவர், வீடியோவிலும் இருக்கிறார். எங்கள் லைனில் அந்தப் பாட்டு ஓடாத வீடு இல்லை. அதை நான் எந்த வரிசையிலும் வைப்பதில்லை. வீட்டு ஆளுக்கு நம்பர் கொடுக்க முடியாது.

மூன்றாவது பால் டப்பா என்ற ராப் பாடகரின் 'காத்து மேல'. இசை ஆஃப்ரோ என்பவர். இந்தப் பையன் ராப் பாடும்போது மூச்சு வாங்குகிற இடமே தெரியாது. ஏற்றத்தில் செகண்ட் கியரில் வண்டி ஒரே சீராக இழுக்கிற மாதிரி இருக்கும். ஹாரிஸ் ஜெயராஜ் இசையில் 'பிரதர்' படத்தில் 'மக்காமிஷி' பாடியதும் இவர்தான். படத்தின் கதையே ஊட்டியில் நடப்பதால் இங்கே அது கொஞ்சம் கூடுதலாக ஓடியது. எனக்கு இரண்டில் 'காத்து மேல'தான்.

நான்காவது, கொரியப் பாப் பாடகி ரோஸேயும் அமெரிக்கப் பாடகர் புரூனோ மார்ஸும் பாடிய 'அபட்'. 2024 அக்டோபரில் வந்தது. கோடநாடு காட்சி முனைக்கு நான்கு நர்சிங் மாணவிகளை அழைத்துப் போனபோது முதன்முதலாகக் கேட்டேன். நான்கு பேரும் ஒருவர் கைமேல் ஒருவர் கையை அடுக்கி, அடியில் இருக்கும் கையை உருவி மேலே வைத்து விளையாடிக்கொண்டு வந்தார்கள். என்னம்மா இது என்று கேட்டேன். கொரியாவில் அபார்ட்மென்ட்டை அப்படித்தான் சுருக்கிச் சொல்வார்களாம். கைகளை மாடி மாடியாக அடுக்கி, ஒரு எண்ணைச் சொல்லி, அந்த மாடியில் யார் கை வருகிறது என்று பார்ப்பதுதான் விளையாட்டு, அதைத்தான் ரோஸே பாட்டாக்கியிருக்கிறார் என்றார்கள். சின்ன வயதில் தரையில் கையை வைத்து விளையாடாதவர் நம்மில் யார்? அர்த்தம் தெரியாமல் கேட்டபோது வெறும் சத்தமாக இருந்த பாட்டு, அந்தக் கைகளைப் பார்த்த பிறகு எனக்குப் பிடித்துவிட்டது.

ஐந்தாவது ஹனுமான்கைண்டின் 'பிக் டாக்ஸ்'. மலப்புறத்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த மலையாளி. கேரளா பார்ட்டி ஏறினால் இது நிச்சயம். பாட்டைவிட வீடியோவுக்காகத்தான் இதை வைத்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மரணக் கிணற்றுக்குள் கார்களும் பைக்குகளும் சுவரில் சுற்ற, நடுவில் நின்று பாடுகிறார். பொருட்காட்சியில் மரணக் கிணறு பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே வேகம் குறைந்தால்தான் விழுவார்கள். எங்கள் மலையில் அதற்கு நேர்மாறு. அதனால் இந்தப் பாட்டை வண்டி நிற்கும்போது மட்டும்தான் போட விடுவேன். ஓடும்போது போட்டால் பையன்கள் "ஓவர்டேக் பண்ணுங்கண்ணா" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

கேட்ஸ்ஐ குழுவின் 'கேப்ரியேலா' ஆறாவது. ஆறு பெண்களோடு தொடங்கிய குழு, அதில் லாரா ராஜ் அமெரிக்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண். நெற்றியில் பொட்டோடு மேடையேறுகிறார். பாட்டின் நடுவே குழுவில் இன்னொருவரான டேனியலா ஸ்பானிஷில் பாடும் இடம் எனக்குப் பிடிக்கும்.

உள்ளூர்க் கணக்கையும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் ஊரில் புதுப் பாடகர்கள் அதிகம் கிளம்புவது நீலகிரிப் படுகர்கள் பேசும் படுகு மொழியில்தான். மார்கழி, தை மாதங்களில் படுகர்களின் ஹெத்தை ஹப்பா திருவிழாவுக்குப் பேரகணிக்கு ஆள் ஏற்றிப் போவேன். வெள்ளை உடுத்தி ஏறுகிறவர்கள், அந்த வருஷம் யூடியூபில் வந்த படுகப் பாட்டைப் போடுவார்கள். அதே பாட்டை அடுத்த மாதம் கல்யாண வீட்டு வாசலில் கேட்கலாம். பெரியவர்களும் பிள்ளைகளும் வட்டமாக, அடி எடுத்து வைத்து நிதானமாக ஆடுவார்கள். எனக்குப் படுகு பாதிதான் புரியும். ஆனாலும் அந்த ஆட்டத்தில் நாலு வட்டம் தாங்கினால் அந்தப் பாட்டு நிற்கும் என்று ஸ்டாண்டில் இருக்கும் படுக நண்பர்கள் சொல்வார்கள், அது தவறியதை நான் பார்த்ததில்லை.

கடைசியாக 'கோல்டன்'. 'கே-பாப் டீமன் ஹன்டர்ஸ்' என்ற கார்ட்டூன் படத்தில் வருகிறது. 2025இல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கு வந்த பாட்டு. அதை எழுதியவர்களில் ஒருவரும் முக்கியக் குரலும் இஜே என்ற கொரியப் பெண். ஒரு பெரிய கம்பெனியில் பத்து வருஷத்துக்கும் மேல் பயிற்சியில் இருந்தும் மேடையேற வாய்ப்புக் கிடைக்காமல் வெளியே வந்தவர் என்று படித்தேன். பூஜை விடுமுறையில் ஒரு குடும்பம் வந்தது, ஏழு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பெண் குழந்தைகள். குஞ்சப்பனை தாண்டியதும் வழக்கம்போல சிக்னல் போய்ப் பாட்டு நின்றுவிட்டது. குழந்தைகள் நிறுத்தவில்லை. உச்ச ஸ்தாயியில் குரல் உடைகிற இடத்தைக்கூட விடாமல், அரவேனு வரும்வரை அவர்களே பாடிக்கொண்டு வந்தார்கள். அப்புறம் வீட்டில் உட்கார்ந்து இஜே பாடியதை முழுசாகக் கேட்டேன். அருமையாகத்தான் பாடியிருக்கிறார். ஆனால் பனியில் எம்ப்டியாகத் திரும்பும்போது எனக்கு வருவது அந்த இரண்டு குழந்தைகளின் குரல்தான். அதனால் டிரிப் ஷீட்டில் பேர் மட்டும் எழுதியிருக்கிறேன், இன்னும் எண் போடவில்லை.