குசாமாவின் புள்ளியும் மந்தைவெளிப் புள்ளியும்

ஜப்பானிய ஓவியர் யாயோய் குசாமாவைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாசகர்களிடம் வாயைக் கொடுத்துவிட்டேன். முப்பது வருஷம் கலை வரலாறு பாடம் நடத்தியவனுக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தது தப்பு. வந்ததில் பாதி ஒரே கேள்வி. மீதியில் ஒன்று சண்டையாகிவிட்டது. கேட்டவர் பெயருக்குப் பதில் அவரவர் ஊரைப் போட்டு, வந்த வரிசையிலேயே தருகிறேன்.

வளசரவாக்கம்: யார் சார் இந்த அம்மா? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1929ல் ஜப்பானின் மட்சுமோட்டோவில் பிறந்தவர். குடும்பத்துக்கு விதை, நாற்றங்கால் வியாபாரம். பத்து வயசு வாக்கில், மேஜை விரிப்பிலிருந்த சிவப்புப் பூக்கள் கூரை, சுவர், தன் கை என்று எல்லா இடத்திலும் பரவியதைக் கண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். வரைந்த படங்களை அம்மா பிடுங்கிக் கிழிப்பாராம். போர்க்காலத்தில் பாராசூட் தைக்கும் வேலை. 1957ல் அமெரிக்கா போனார், அடுத்த வருஷம் நியூயார்க். 1973ல் ஜப்பான் திரும்பினார். நடுவில் இருக்கிற அந்தப் பதினைந்து வருஷம்தான் விஷயம்.

பெரம்பூர்: என் ஆறு வயசுப் பொண்ணும் புள்ளி வைக்கிறாள். இதற்கு இத்தனை கோடியா?

உங்கள் பொண்ணு நன்றாக வைக்கட்டும். ஆனால் குசாமாவைப் புள்ளியிலிருந்து பார்க்க ஆரம்பித்தால் இந்தக் கேள்விதான் வரும். "வலை" என்று அவர் பெயர் வைத்த படங்களிலிருந்து பாருங்கள்.

1959 அக்டோபரில் நியூயார்க்கின் ஒரு சின்னக் காலரியில் ஐந்து பெரிய வெள்ளைப் படங்களை மாட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவர். இந்த வகைப் படம் ஒன்றின் முன்னால் நான் நின்றிருக்கிறேன். கிட்டப் போனதும் சுவர் கலைந்துவிட்டது. சாம்பல் தரைமேல் விரல்நுனி அளவு வெள்ளைச் சுழிகள், ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றும் வரட்டியில் பதிந்த விரல்தடம் மாதிரி ஓரம் தடித்து நிற்கிறது. நடுவில் மையம் கிடையாது, கண் உட்கார இடமில்லை. ஒரு மூலையில் சுழிகள் நெருங்கியிருக்கும், இன்னொரு மூலையில் தளர்ந்திருக்கும். அங்கே கை சோர்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. முக்கியமானது இதுதான்: அந்தப் படத்தில் அவர் புள்ளியே வைக்கவில்லை. சுழி போட்டார், சுழிக்கு நடுவில் மிஞ்சிய தரைதான் நமக்குப் புள்ளியாகத் தெரிகிறது. அப்போது விமர்சனம் எழுதிக்கொண்டிருந்த டொனால்ட் ஜட் பாராட்டி எழுதியதோடு ஒன்றை வாங்கவும் செய்தார்.

கோடி கணக்கு ஏலக்காரர்கள் விவகாரம். அதை என்னிடம் கேட்காதீர்கள்.

கொளத்தூர்: கண்ணாடி அறையில் செல்ஃபி எடுப்பதைத் தவிர என்ன இருக்கிறது?

பழைய சலூனில் உட்கார்ந்திருக்கிறீர்களா? முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி, உங்கள் பின்மண்டை வரிசையாக எங்கேயோ போய்க்கொண்டே இருக்கும். சூத்திரம் அதுதான். குசாமா துணியில் நூற்றுக்கணக்கான உருவங்களைத் தைத்துப் பஞ்சடைத்து நாற்காலி, படகு எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருந்தார். தைத்து மாளவில்லை. 1965ல் அவற்றைத் தரையில் பரப்பிச் சுற்றிலும் கண்ணாடி வைத்தார். கண்ணாடி மீதியைத் தைத்துக் கொடுத்துவிட்டது. செல்போன் வந்தபிறகு அந்த அறைகள் வேறு மாதிரி ஆகிவிட்டன, அது உண்மை. போனால் முதல் பத்து விநாடி போனைப் பையில் வையுங்கள்.

வேளச்சேரி: குசாமா கையெழுத்திட்ட மஞ்சள் பூசணி பிரிண்ட், பதினெட்டாயிரத்துக்கு ஆன்லைனில் வருகிறது. வாங்கலாமா?

வாங்காதீர்கள். 2018ல் சீனாவில் பல ஊர்களில் குசாமா பெயரில் கண்காட்சியே போலியாக நடந்தது. கண்காட்சியையே போலியாக நடத்துகிற உலகத்தில் ஒரு கையெழுத்து எம்மாத்திரம்? படம் பிடித்திருந்தால் நல்ல புத்தகம் வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்து வையுங்கள்.

அண்ணா நகர்: அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் இவரைக் காப்பி அடித்தாராமே?

குசாமா அப்படித்தான் சொல்கிறார். தேதிகள் அவர் பக்கம் இருக்கின்றன. 1963ல் பஞ்சடைத்த உருவங்கள் மூடிய படகை நடுவில் வைத்து, அதே படகின் புகைப்படத்தை 999 பிரதி எடுத்துச் சுவரெங்கும் ஒட்டினார். வார்ஹோலின் மாட்டுத்தலை வால்பேப்பர் 1966. காப்பியா என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் ஜப்பானியர், பெண், கையில் காசில்லாதவர். அன்றைய நியூயார்க்கில் யார் பெயர் நின்றது என்பது உங்களுக்கே தெரியும்.

கே.கே. நகர்: இந்தப் புள்ளியெல்லாம் நம் கோலத்திலிருந்து எடுத்தது. ஏன் யாரும் சொல்வதில்லை?

ஆதாரம் இல்லாததால் சொல்வதில்லை. அவர் புள்ளி அந்த மேஜை விரிப்பிலிருந்து வந்தது. கோலத்தில் புள்ளி வெறும் அளவுக்குறி. கோடு வந்தபின் அதற்கு வேலை இல்லை.

மந்தைவெளி: சார், நாற்பது வருஷமாக வாசல் தெளித்துக் கோலம் போடுகிறேன். "புள்ளிக்கு வேலை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்குக் கோலம் பார்த்ததுண்டா? புள்ளியை இணைக்கிற கோலத்தில்தான் அது கோட்டுக்குள் போகும். சிக்கில் கோடு புள்ளியைத் தொடவே கூடாது, சுற்றித்தான் வரவேண்டும். தொட்டால் கோலம் தப்பு.

தப்பு என்னுடையதுதான் அம்மா. ஒத்துக்கொள்கிறேன். இணைக்கும் கோலத்தை மட்டும் மனதில் வைத்து எழுதிவிட்டேன்.

ஆனால் நீங்கள் சொன்னதும் ஒன்று பிடிபட்டது. சுழி போட்டு நடுவில் தரையை மிச்சம் வைப்பது, கோடு எதையோ தொடாமல் சுற்றிப் போவது: இது சிக்குக்குப் பக்கத்தில் வருகிறது. குசாமாவின் பெயர் பெற்ற வட்டப் புள்ளிகளைவிட அவருடைய வலைதான் உங்கள் வாசலுக்கு உறவு. எடுத்தது என்று சொல்லவில்லை. கே.கே. நகர்க்காரர் சந்தோஷப்பட வேண்டாம்.

கே.கே. நகர்: அப்படியென்றால் நான் சொன்னது சரிதானே?

இல்லை.

மந்தைவெளி: உறவும் இல்லை சார். 15 புள்ளி ஊடுபுள்ளியாக 8 வரை வைத்தால், எத்தனை சுற்று வரும், எங்கே வளையும் என்று முதலிலேயே கணக்கு. நல்ல சிக்கு ஆரம்பித்த இடத்தில் வந்து மூடும். அந்த அம்மா கணக்கே இல்லாமல் போட்டுக்கொண்டே போகிறார். எப்போது நிறுத்துவார்?

கித்தான் முடியும்போது. 1961ல் ஒரு வலை ஏறக்குறைய 10 மீட்டர் நீளம் போனது. நீங்கள் முதலில் புள்ளி வைத்துவிட்டு அதற்குப் பதில் சொல்லக் கோடு இழுக்கிறீர்கள். அவருக்குப் புள்ளியே பின்னால்தான் வருகிறது, அதுவும் மிச்சமாக. இதை ஒரு வகுப்பில்கூட நான் இப்படிச் சொன்னதில்லை.

போரூர்: என் பையனும் புள்ளி வைப்பான்...

பெரம்பூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தாம்பரம்: மனநலம் சரியில்லாததால்தானே இப்படி வரைகிறார்?

1977லிருந்து டோக்கியோவில் ஒரு மனநல மருத்துவமனையில் தானே விரும்பித் தங்கினார். பக்கத்திலேயே ஸ்டூடியோ வைத்து அங்கே போய் வேலை செய்தார். நோய் படம் போடாது. நோயோடு தினமும் எழுந்து வேலைக்குப் போகிறவர் போடுவார். வீட்டில் யாருக்காவது இந்தக் கஷ்டம் இருந்தால் தூரிகையோடு டாக்டரையும் பாருங்கள். இதை ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

திருவான்மியூர்: கறுப்பர்களைப் பற்றி மோசமாக எழுதியவரை எதற்குத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறீர்கள்?

சுயசரிதையில் எழுதினார். மோசமான வரிகள்தான். 2023ல் மன்னிப்புக் கேட்டார். நான் பாடம் நடத்தும்போது அதையும் சேர்த்தே சொல்வேன். தலையில் வைக்கவில்லை, எதிரில் வைத்துப் பார்க்கிறேன்.

திருவொற்றியூர்: கடலில் போன பூசணி கதை?

ஜப்பானின் நவோஷிமா தீவில் 1994ல் படகுத்துறை முனையில் வைத்த குசாமாவின் மஞ்சள் பூசணிச் சிற்பம். 2021 ஆகஸ்ட் புயலில் அடித்துக்கொண்டு போனது. 2022 அக்டோபரில் புதிதாக ஒன்று வைத்தார்கள். வடிவத்தைப் பார்த்தால் நம் பரங்கிக்காய், திருஷ்டிக்கு உடைக்கும் வெள்ளைப் பூசணி இல்லை.

குரோம்பேட்டை: நம் ஊரில் இவர்போல யாராவது?

"இவர்போல" என்று தேடாதீர்கள். ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போங்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று அது உருவானது 1966ல். அதே வருஷம்தான் குசாமா வெனிஸ் பியனாலே என்கிற பெரிய கலைக் கண்காட்சியில், தங்க நிறக் கிமோனோவில், புல்வெளியில் கண்ணாடிபோல் முகம் காட்டும் 1500 உருண்டைகளைப் பரப்பி ஒன்று 1200 லிரா என்று கூவி விற்றுக்கொண்டிருந்தார். அதிகாரிகள் வந்து விற்பனையை நிறுத்தினார்கள். 1993ல் அதே கண்காட்சிக்கு ஜப்பானின் பிரதிநிதியாகப் போனார். பணிக்கரின் எழுத்தும் எண்ணும் குறியும் நிறைந்த படங்களைப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள், பக்கம் பக்கமாகப் பதில் தருகிறேன்.

மந்தைவெளி: ஞாயிறு காலை ஐந்தரைக்கு வாசலுக்கு வாருங்கள், 15க்கு 8 போட்டுக் காட்டுகிறேன். ஏழு மணிக்குமேல் வந்தால் பால் வண்டி ஏறியிருக்கும்.

வருகிறேன் அம்மா. அரிசி மாவா, கல்மாவா? எது என்றாலும் நான் வாங்கி வருகிறேன்.

மேடவாக்கம்: சார், பூசணி பிரிண்ட் ஒன்று, கையெழுத்தோடு, பதினைந்தாயிரம்தான்...

வாங்காதீர்கள்.