அபராதம் கட்டினால் வழக்கு முடிந்துவிடுமா?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பீடி சுற்றிப் பிழைக்கிறோம். என் மகனுக்கு வயது 22. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடை விழாவில், கரகாட்டம் நடந்த இரவில், இரண்டு தெருப் பையன்களுக்குள் கைகலப்பு. விலக்கிவிடப் போன என் மகனுக்குப் புருவத்தின் மேல் இரண்டு தையல். ஆனால் எதிர்த்தரப்பு கொடுத்த புகாரில் நான்கு பேர் மீது வழக்குப் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது பெயர் அவனுடையது. 296(பி), 115(2), 351(3) என்று பிரிவுகள். கடைசிப் பிரிவுக்கு ஏழு வருடம் என்கிறார்கள். ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. நாற்பதாயிரம் கொடுத்தால் எஃப்.ஐ.ஆரை இல்லாமல் செய்துவிடலாம் என்கிறார் ஒருவர். கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்கிறார் இன்னொருவர். வட்டிக்கு வாங்கிக் கட்டிவிடவா? தூக்கமே இல்லை.
— பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்: அம்மா, அந்த வட்டிப் பணத்தை வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் மகன் எந்தக் காகிதத்திலும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டாம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்த ஏழு வருடக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

சட்டப் புத்தகத்தில் ஒரு குற்றத்துக்கு எதிரே எழுதியிருப்பது உச்சவரம்பு. அதற்கு மேல் போகக் கூடாது என்பதற்கான கோடு அது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் 296, பொது இடத்தில் ஆபாசமாகப் பேசுவது. மூன்று மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 115(2), காயம் ஏற்படுத்துவது, ஓராண்டு வரை. 351(3), கொன்றுவிடுவேன் என்பதுபோன்ற மிரட்டல், ஏழாண்டு வரை. ஆனால் இந்த 351(3)ஐ விசாரிப்பது முதல் வகுப்புக் குற்றவியல் நடுவர். ஒரு குற்றத்துக்கு மூன்றாண்டுக்கு மேல் சிறை விதிக்கும் அதிகாரமே அவருக்குக் கிடையாது. அதற்கு மேல் தேவை என்று அவர் கருதினால் வழக்கைத் தலைமைக் குற்றவியல் நடுவருக்கு அனுப்பலாம். கோயில் கொடைத் தகராறில் அப்படி அனுப்பி நான் பார்த்ததில்லை. மூன்று பிரிவுகளின் ஆண்டுகளையும் கூட்டிப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். பல பிரிவுகளில் தண்டனை வந்தால், அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிப்பதா, ஏககாலத்தில் அனுபவிப்பதா என்று நீதிமன்றமே குறிப்பிடும். ஒரே சம்பவம் என்றால் பெரும்பாலும் ஏககாலம்தான்.

இந்த மூன்று பிரிவுகளும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை. பழைய சட்டத்தில் 294(பி), 323, 506(2) என்று வந்த அதே மூன்றுதான். தெருச் சண்டை, வரப்புச் சண்டை, குழாயடிச் சண்டை எதுவானாலும் நம் ஊர்ப் புகார்களில் மூன்று வரி தவறாமல் இருக்கும்: அசிங்கமாகப் பேசினார், கையால் அடித்தார், கொன்றுவிடுவேன் என்றார். இதற்குச் சட்டத்தில் ஒரு காரணம் இருக்கிறது. வெறும் 115(2) மட்டும் என்றால், நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாது. 296 சேர்ந்துவிட்டால் செய்யலாம். எழுதப்பட்ட மூன்றும் நடந்தது என்று ஆகிவிடாது. திட்டுச்சொல் எல்லாமே சட்டம் சொல்லும் ஆபாசம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2022இல் நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கோபத்தில் வந்த ஒரு வார்த்தை மிரட்டல் குற்றமாகாது. எதிராளியைக் கலங்கடிக்கும் எண்ணத்தோடு சொன்னதாக நிரூபிக்க வேண்டும். இவையெல்லாம் உங்கள் வழக்கறிஞர் பேச வேண்டியவை. பேச இடம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்து அந்த வாட்ஸ்அப். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2014இல், அர்னேஷ் குமார் வழக்கில், கண்டிப்பாகச் சொன்னது. கைது தேவையில்லை என்றால், குற்ற விசாரணை நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3)படி எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து அழைக்க வேண்டும். அந்த அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியிலும் உத்தரவிட்டிருக்கிறது. அதற்காகச் செய்தியைப் பார்த்தும் பாராததுபோல் இருந்துவிடாதீர்கள். தலைமறைவு என்று எழுத அது வழி செய்துவிடும். வழக்கறிஞரை அழைத்துக்கொண்டு போய், எழுத்தில் அறிவிப்பைப் பெற்றுக்கொள்ளட்டும். அதில் சொன்னபடி நடந்துகொள்ளும்வரை கைது செய்ய முடியாது. செய்வதானால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். கைது வரும் என்று உண்மையான அச்சம் இருந்தால் முன்ஜாமீன் கேட்டு அமர்வு நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கோ போகலாம். எப்படியும் கைது நடந்துவிட்டால் 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நிலையத்தில் வெள்ளைத்தாளில் கையெழுத்து கேட்டால் போடக் கூடாது. புலன்விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது என்கிறது சட்டம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் அவனுக்கு எதிராக நிரூபிக்கவும் முடியாது. இது தெரியாமல் எத்தனையோ பிள்ளைகள் மேசை விளிம்பில் குனிந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள்.

நாற்பதாயிரம் கேட்டவரின் பேச்சை நம்பாதீர்கள். முதல் தகவல் அறிக்கை பதிவானதும் அது நடுவர் நீதிமன்றத்துக்குப் போய்விடுகிறது. அதன் பிறகு நிலையத்தில் யாராலும் அதைக் கிழித்துப் போட முடியாது. விசாரணை முடிவில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வார்கள், அல்லது குற்றம் நடக்கவில்லை என்று அறிக்கை கொடுப்பார்கள். இரண்டையும் ஏற்பதும் மறுப்பதும் நடுவர் கையில். அந்த மனிதர் விற்பது அவரிடம் இல்லாத பொருள். கொடுப்பது லஞ்சம் என்றாகி, அதற்கொரு வழக்கும் சேரும்.

இப்போது அபராதம். உங்கள் கடிதத்தில் எனக்குப் பதற்றம் ஏற்படுத்திய வரி அதுதான்.

பல வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் என் அலுவலகத்துக்கு வந்தார். காவலர் தேர்வில் எழுத்து, உடல்தகுதி எல்லாம் தேறி, போலீஸ் விசாரணையில் நிராகரிக்கப்பட்டிருந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து என் மேசையில் வைத்தார். லேமினேஷன் செய்த ரசீது. அறுநூறு ரூபாய் அபராதம் கட்டியதற்கான நீதிமன்ற ரசீது. "சார், கேஸ் முடிந்துவிட்டது, ஆதாரம் இருக்கிறது" என்றார். வழக்கு முடிந்ததற்கு என்று அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்தது, அவர் குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டதற்கான சான்று. அதை அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது. வாய்தாவுக்கு அலைய வேண்டாம், கூலி வேலை கெடும், ஒப்புக்கொண்டுவிடு என்று யாரோ நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவரும் கூண்டில் ஏறி "ஆமாம் ஐயா" என்றிருக்கிறார். அன்று விலக்கிவிடத்தான் போனேன் என்று அவரும் சொன்னார். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்த அட்டைதான் கண்முன் வந்தது.

அபராதமும் தண்டனைதான் அம்மா. சிறைக்குப் போகவில்லை என்பதால் தண்டனை இல்லை என்று ஆகாது. ஒப்புக்கொண்ட பிறகு மேல்முறையீட்டுக்குப் போனாலும், தண்டனை அதிகமா, சட்டப்படி சரியா என்று மட்டும்தான் கேட்கலாம். நான் அடிக்கவே இல்லை என்று அப்போது சொல்ல முடியாது. முதல் தவறு என்றால் 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி சிறையோ அபராதமோ இல்லாமல் எச்சரித்தோ, நன்னடத்தைப் பிணையிலோ விடலாம். தண்டனையால் வரும் தகுதியிழப்பு அதில் கிடையாது. ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு அழிந்துவிடுவதில்லை. தனியார் வேலைக்கு அது போதலாம். உங்கள் மகன் போக நினைப்பது காவல்துறைக்கு.

அங்கே விதி கடுமையானது. தமிழ்நாடு காவலர் தேர்வு விதிகளில், வேலைக்கு எடுக்கும் முன் நடக்கும் போலீஸ் விசாரணையின்போது எந்தக் குற்ற வழக்கிலும் சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது என்று இருக்கிறது. அதன் கீழ் ஒரு விளக்கமும் உண்டு. சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும், புகார்தாரர் பிறழ் சாட்சியானதால், அதாவது தன் புகாருக்கு மாறாகச் சாட்சி சொன்னதால், விடுதலையானவரும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008இல் இந்த விதியை ஏற்றுக்கொண்டது. ஊரில் பெரியவர்கள் கூடிப் பேசி, "கோர்ட்டில் வந்து தெரியாது என்று சொல்லிவிடுகிறேன்" என்று எதிர்த்தரப்பு ஒத்துக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். மற்றவர்களுக்கு அது உதவக்கூடும். உங்கள் மகனுக்கு அது விடுதலையைத் தரும், வேலையைத் தராது.

அதே விதி இன்னொன்றும் சொல்கிறது. வழக்கு நிலுவையில் இருந்து, பிறகு மாசற்றவர் என்று கௌரவமாக விடுதலையானாலோ, 'மிஸ்டேக் ஆஃப் ஃபாக்ட்', அதாவது புகாரில் உள்ள சங்கதி தவறு, என்று போலீஸ் புலன்விசாரணையிலேயே முடிக்கப்பட்டாலோ, சம்பந்தப்படாதவராகவே கருதப்படுவார். அடுத்த தேர்வில் கலந்துகொள்ளலாம். ஆக இந்த வருடத் தேர்வு கைநழுவிப் போகலாம். 22 வயதில் அது தாங்கக்கூடிய இழப்பு. வழக்கு எப்படி முடிகிறது என்பதே இங்கே எல்லாம். சீக்கிரம் முடிவதைப் பற்றி இப்போதைக்கு நினைக்காதீர்கள்.

விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்று கேட்டிருந்தால், உண்டு என்று எழுதட்டும். வழக்கை மறைத்தால் அந்த மறைப்பே வேலையைப் பறித்துவிடும். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக ஆராய்ந்து, விண்ணப்பதாரர் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் வைத்தது.

சமரசமாகவே போக வேண்டிய நிலை வந்தால், 115(2) காயம்பட்டவர் சம்மதத்தோடு சமரசம் செய்யக்கூடிய குற்றம். 296 அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் முழு வழக்கையும் ரத்து செய்ய உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும். உங்கள் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை. குற்றமே இல்லை என்பதால் ரத்தா, சமரசத்தால் ரத்தா என்று உத்தரவில் காரணம் எழுதப்படும் என்பதால், மனுவை எப்படித் தயாரிக்கிறார்கள் என்பதை மகன் உட்கார்ந்து படித்துப் பார்க்கட்டும்.

ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். மகனைத் தனியே உட்காரவைத்து ஒரு தடவை கேளுங்கள்: கை நீட்டினாயா, இல்லையா? தாயிடம் சொல்லக் கூசினால் வழக்கறிஞரிடமாவது சொல்லட்டும். அடித்திருந்தால் வழி வேறு. மன்னிப்பும் சமரசமும் அங்கே வரும். அடிக்கவில்லை என்றால் பின்வாங்கக் கூடாது.

அவன் சொல்வது உண்மை என்றால், ஆதாரம் அவன் புருவத்தின் மேலேயே இருக்கிறது. அரசு மருத்துவமனையில் தையல் போட்டிருந்தால் விபத்துப் பதிவேட்டில் எழுதியிருப்பார்கள். எத்தனை மணிக்கு வந்தான், எப்படிக் காயம் பட்டது என்று அவன் சொன்னதும் அதில் இருக்கும். ஏ.ஆர். காப்பி என்பார்கள். அன்றிரவு, வழக்கு என்ற பேச்சே எழாதபோது, 'விலக்கிவிடும்போது பட்டது' என்று சொல்லியிருந்தால் அதன் மதிப்பு பெரிது. கரகாட்டத்தை யாராவது செல்போனில் எடுத்திருப்பார்கள். அழிப்பதற்குள் கேட்டு வாங்குங்கள். கோயில் கமிட்டிக்காரர்கள், சவுண்டு சர்வீஸ்காரர் போல எந்தத் தெருவையும் சேராதவர்களின் பெயர்களை எழுதிவையுங்கள். இவற்றை ஒரு மனுவோடு இணைத்துப் புலன்விசாரணை அதிகாரியிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால். அவனை அடித்தவர்கள் மீது புகார் கொடுப்பதும் உங்கள் உரிமை. நடந்ததை நடந்தபடி மட்டும் எழுதுங்கள். எதிர்த்தரப்பு செய்ததுபோல் சம்பந்தமில்லாத பையன் பெயரைச் சேர்க்காதீர்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் கூச்சப்படாதீர்கள். நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. வருமான வரம்புக்குள் இருந்தால் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் கேட்டாலும் வழி சொல்வார்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலையும் காவல்துறை இணையதளத்தில் எடுத்துக்கொள்ளலாம். அதைப் படிக்கும்போது மூன்றாவது பெயருக்கு நேரே என்ன செய்ததாக எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பல புகார்களில் நான்கு பெயருக்கும் சேர்த்து ஒரே வரிதான் இருக்கும்.

திங்கட்கிழமை அந்த ஏ.ஆர். காப்பியைக் கேட்டு மருத்துவமனைக்குப் போகும்போது அன்றிரவு கொடுத்த ஓ.பி. சீட்டை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அதிலுள்ள எண் இருந்தால் பதிவேட்டில் தேடுவது சுலபம்.