எஸ்பதீன் சாதாரணமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் மெக்சிகோவின் குவாதலஹாராவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம் நண்பர்களோடு வஹாகா போயிருந்தேன். மகேய் என்கிற கற்றாழை மாதிரிச் செடியிலிருந்து காய்ச்சும் சாராயம்தான் மெஸ்கால்; அந்தச் செடியில் ஒரு வகை எஸ்பதீன். அங்கே ஒரு மெஸ்கால் பாரில், "எஸ்பதீன் சாதாரணம், காக்டெயிலுக்குத்தான் லாயக்கு" என்று சொல்லி, 25 வருடம் காட்டில் வளர்ந்த செடி என்று தெபெஸ்தாதே என்கிற இன்னொரு வகையைக் கொடுத்தார்கள். விலை அதிகம். இதை எத்தனை பேர் குடித்திருப்பார்கள் என்று நினைத்து நான்கு சுற்று வாங்கினோம். ஈரக்கல், பச்சை மிளகாய், பூ என்று பரிமாறியவர் வாசனைகளை அடுக்கினார். எனக்குப் புகை மட்டும்தான் தெரிந்தது. கூச்சமாகிவிட்டது. கைவினை மெஸ்கால் என்பது நிஜமா, விற்பனைத் தந்திரமா? பாட்டிலில் புழு எதற்கு? நம் ஊரில் கள்ளை விரட்டிவிட்டு இங்கே இன்னொரு கிராமத்துச் சாராயத்தைக் கொண்டாடுவது சரியா? தீபாவளிக்கு வரும்போது அப்பாவுக்கு எந்த பாட்டில் வாங்கலாம்?

எஸ்., குவாதலஹாரா

அன்புள்ள எஸ்.,

மெஸ்கால் பார்களில் விலைப்பட்டியல் போடும் முறையைப் பற்றிச் சில வாரங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் சரியாக அந்த இடத்தில் வந்து நின்றது.

முதலில் உங்கள் நாக்கு. அதில் ஒரு குறையும் இல்லை. 48, 50 சதவீத ஆல்கஹாலைப் பழக்கமில்லாமல் வாயில் வைத்தால் எரிச்சலும் புகையும்தான் முதலில் தெரியும். இலைகளைச் சீவிய மகேயின் நடுப்பகுதியை, அவர்கள் பீன்யா என்பதை, சூடேற்றிய கற்கள் நிறைந்த குழியில் போட்டு, மண் மூடி, மூன்று முதல் ஐந்து நாள் வேகவிடுகிறார்கள். புகை அங்கிருந்து வருகிறது. அதற்குப் பின்னால் இருப்பது தெரிய உங்களுக்கு இன்னும் சில மாலைகள் வேண்டும், அவ்வளவுதான். சின்னச் சின்ன மிடறாகக் குடியுங்கள், நடுவில் தண்ணீர் குடியுங்கள். பரிமாறியவர் சொன்ன ஈரக்கல்லும் பச்சை மிளகாயும் அவர் தினமும் முகர்ந்து முகர்ந்து சேர்த்த சொற்கள். அது உங்களுக்கு வைத்த பரீட்சை இல்லை. நீங்கள் அங்கே கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கைவினை என்பது நிஜம்தான். மெக்சிகோவில் மெஸ்காலுக்கு 1994ல் புவிசார் உரிமை கிடைத்தது. 2017ல் வெளியான விதிமுறை அதை மூன்றாகப் பிரித்தது. வெறும் 'மெஸ்கால்' என்றால் ஆலை இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. 'ஆர்த்தெசனால்', அதாவது கைவினை, என்றால் குழி அடுப்பும் காய்ச்சி வடிக்கும் செம்பு வாலையும் மாதிரியான பழைய முறைகள். 'ஆன்செஸ்திரால்', அதாவது மூதாதையர் முறை, என்றால் மண்பானையில் காய்ச்சியது. லேபிளைப் படித்தால் போதும். சான்றிதழுக்குப் பணம் கட்ட முடியாதவர்களும், கட்ட மனமில்லாதவர்களும் அதே சரக்கை 'தெஸ்திலாதோ தெ அகாவே', அதாவது மகேயைக் காய்ச்சி வடித்தது, என்ற பெயரில் விற்கிறார்கள். அதில் மிக நல்லவை உண்டு. சரி, இது போதும்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கோபப்படுத்திய வரி வேறு. 'இதை எத்தனை பேர் குடித்திருப்பார்கள்' என்று நான்கு சுற்று வாங்கினோம் என்கிறீர்கள். பிடித்ததால் வாங்கியிருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டேன். புகை மட்டும்தான் தெரிந்தது என்று நீங்களே எழுதுகிறீர்கள். அப்படியானால் நீங்கள் வாங்கியது 25 வருடம் என்கிற எண்ணை. அந்த எண் உங்கள் பெருமைக்கு உரியது இல்லை, எஸ். அது ஒரு மலைச்சரிவின் கணக்கு.

மகேய் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பூக்கும். பூத்துக் காய்த்ததும் செத்துவிடும். நம் ஊரில் ரயில் பாதை ஓரத்துக் கற்றாழை நடுவிலிருந்து கம்பம் போல எழுந்து பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் மெக்சிகோவிலிருந்து வந்த இனம்தான். கியோதே என்கிற அந்தத் தண்டு எழும்போது, செடி அத்தனை வருடம் சேர்த்த சர்க்கரையெல்லாம் அதற்குள் போய்விடும். அதனால் மெஸ்கால் காய்ச்சுகிறவர்கள் தண்டு கிளம்பும் நேரம் பார்த்து அதை வெட்டிவிடுகிறார்கள், சில மாதம் விட்டுச் செடியை எடுக்கிறார்கள். உங்கள் கோப்பைக்கு வரும் ஒவ்வொரு செடியும் பூக்காமல் போன செடி.

எஸ்பதீனுக்கு இதனால் பெரிய கேடு இல்லை. ஆறு முதல் எட்டு வருடத்தில் விளையும். அதற்குள் பக்கத்தில் கன்றுகள் விட்டுவிடும், பிரித்து நட்டுக்கொள்வார்கள். சந்தியாகோ மத்தத்லான் பக்கம் போனால் மலையடிவாரம் முழுக்க வரிசை வரிசையாக அதுதான். தொபலா என்கிற வகையின் கதை வேறு. 10 முதல் 15 வருடம் ஆகும், பீன்யாவும் சிறியது, அதற்கு விதையை விட்டால் கதியில்லை. தெபெஸ்தாதேவும் பெரும்பாலும் அப்படியே, ஆனால் 25 வருடம். பூக்கும் முன்னால் எல்லாவற்றையும் வெட்டினால் விதை எங்கிருந்து வரும்? இரவில் அந்தப் பூக்களில் தேன் குடித்து மகரந்தம் கொண்டுபோகும் வௌவால்கள் எங்கே போகும்? மெக்சிகோ வௌவால் ஆய்வாளர் ரோத்ரீகோ மெதெயின் பல வருடங்களாகக் கேட்பது இதைத்தான். வயலில் 5 சதவீதச் செடிகளையாவது பூக்க விடுங்கள் என்கிறார்.

2011ல் மெக்சிகோவில் சான்றிதழ் பெற்ற மெஸ்கால் உற்பத்தி ஆண்டுக்கு 10 லட்சம் லிட்டர்கூட இல்லை. 2022ல் அது 1 கோடியே 40 லட்சம் லிட்டரைத் தொட்டது. 11 வருடம். அதாவது ஒரு தொபலா செடி விதையிலிருந்து விளைந்து வர ஆகும் காலம்தான்.

வஹாகாவின் சாந்தா கத்தரீனா மினாஸில் ஒரு பலென்கேவுக்கு, அவர்கள் காய்ச்சும் கொட்டகைக்கு, போயிருக்கிறேன். மண்பானைகளை அடுப்பில் கட்டிக் காய்ச்சும் ஊர் அது. மெஸ்கலேரோவுக்கு, காய்ச்சுகிறவருக்கு, எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு நாணல் குழாயால் உறிஞ்சி, சுரைக்குடுவையில் விட்டு, மேலே மிதக்கும் குமிழிகளைப் பார்ப்பார். எவ்வளவு பெரிது, எவ்வளவு நேரம் உடையாமல் நிற்கிறது என்பதிலேயே அவருக்குப் பலம் தெரிந்துவிடும், கருவி எதுவும் வேண்டாம். எங்களோடு வந்த ஒருவர், இருப்பதிலேயே அபூர்வமானது எது, அதைக் கொடுங்கள் என்று கேட்டார். பெரியவர் உள்ளே போய் ஒரு கண்ணாடிக் குடுவையைத் தூக்கிக்கொண்டு வந்தார். எஸ்பதீன். பேத்தி கல்யாணத்துக்கு என்று காய்ச்சி எடுத்து வைத்தது. எல்லோருக்கும் அவரே ஊற்றினார், முதல் சொட்டை மண்ணுக்கு விட்டார். கேட்டவர் முகம் சுருங்கியது. அவர் தொபலாவை எதிர்பார்த்திருந்தார்.

அப்புறம் பெரியவர் எங்களைக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். கறுப்பு வலைக்கு அடியில் தொபலா நாற்றுகள், உள்ளங்கை அளவுகூட இல்லை. வேலி ஓரம் ஒரு செடியை அவர் பூக்க விட்டிருந்தார். கியோதே கூரைக்கு மேலே உயர்ந்து நின்றது. விதைக்காக விட்டது. அதற்கு நல்ல விலை பேசி ஆள் வந்து போனதாம், கொடுக்கவில்லை. அவர் நட்ட நாற்று விளையும்போது அவர் இருப்பாரா என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அவரும் போட்டிருப்பார். ஆனாலும் நட்டிருக்கிறார்.

இதையெல்லாம் பார்த்த பிறகு, எஸ்பதீன் சாதாரணம் என்று ஒரு பாரில் சொல்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. கைவினையைத் தேடித்தானே அங்கே போகிறோம்? அப்படியானால் கை தெரியும் இடம் எஸ்பதீன்தான். செடி ஒன்று. மினாஸில் மண்பானை, சான் லூயிஸ் தெல் ரீயோவில் செம்பு. ஒருவர் குழியில் ஒரு நாள் கூடுதலாக விடுகிறார், இன்னொருவர் நொதிக்கும் மரத்தொட்டியைக் குளிரில் இன்னும் நான்கு நாள் காத்துவைக்கிறார். ஊரின் தண்ணீர் வேறு, காற்றில் வரும் ஈஸ்ட் வேறு. மூன்று ஊர் எஸ்பதீனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால், மூன்றும் ஒரே செடி என்று நம்ப மாட்டீர்கள். அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு மனிதர்கள் செய்தது.

பார்களே கூடாது என்று நான் சொல்லவில்லை. வஹாகாவிலேயே மெஸ்கலோதேக்கா இருக்கிறது, உலிசெஸ் தொரென்தேராவின் இன் சீத்து இருக்கிறது. யார் காய்ச்சியது, எந்த ஊர், எந்த வாலை என்று சொல்லி ஊற்றுகிற இடங்கள். அந்தப் பழக்கம் இவ்வளவு பரவியதில் பாட்டில் மேல் கிராமத்துப் பெயரை அச்சடித்தவர்களுக்கும் பங்கு உண்டு. ரான் கூப்பர் என்கிற அமெரிக்கக் கலைஞர் 1995ல் தொடங்கிய தெல் மகேய் நிறுவனம் அப்படிப்பட்டது. 2017ல் அதன் பெரும்பங்கை பெர்னோ ரிக்கார் என்கிற பிரெஞ்சு மது நிறுவனம் வாங்கியது. பெரிய பணம் வந்தால் எல்லாம் கெடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் செடியின் அபூர்வத்தை வைத்து ஏறுகிற விலையில் எவ்வளவு மலையில் திரும்ப நடப்படுகிறது என்று கேட்க, குடிக்கிறவருக்கு உரிமை இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை.

கள்ளைப் பற்றிய உங்கள் கேள்வி ஆதங்கத்தில் எழுதியது, புரிகிறது. 1987லிருந்து தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. அது நியாயமில்லை என்பது என் கருத்து. அதற்காக வஹாகாக்காரர்கள் கொண்டாடுவதில் நமக்கு என்ன குற்றவுணர்வு? ஒன்று சொல்கிறேன், நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து சில மணி நேரத்தில் கொலிமா. 16ம் நூற்றாண்டின் கடைசியில் மணிலா கப்பல்களில் வந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் அங்கே தென்னங்கள்ளை இறக்கிக் காய்ச்சினார்கள். மகேயைக் காய்ச்சும் வித்தையும் அவர்களிடமிருந்துதான் பரவியது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், மறுப்பவர்களும் உண்டு. கொலிமா தெருக்களில் இன்றும் துபா என்று தென்னங்கள் விற்கிறது. போய்க் குடித்துப் பாருங்கள்.

புழு விற்பனைக்காகப் போட்டது. விடுங்கள்.

அப்பாவுக்கு எஸ்பதீன் ஆர்த்தெசனால் வாங்குங்கள், காய்ச்சியவர் பெயரும் ஊரும் லேபிளில் இருக்கிற எதுவானாலும் சரி.

அடுத்த முறை வஹாகா போனால் மினாஸ், மத்தத்லான், மியவாத்லான் மூன்றிலிருந்தும் எஸ்பதீன் கேளுங்கள். ஒவ்வொன்றையும் காய்ச்சியவர் யார் என்று கேளுங்கள். தொபலாவோ தெபெஸ்தாதேவோ ஊற்ற வந்தால், அவர்களிடம் நாற்றங்கால் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் ஒரு சுற்று, அதற்கு மேல் வேண்டாம். பதில் சொல்லத் தெரியவில்லை என்றால் எழுந்து அடுத்த பாருக்குப் போய்விடுங்கள், அந்த ஊரில் பார்களுக்குப் பஞ்சம் இல்லை.

அன்புடன்.