நீச்சல் குள ரோபோ: வாங்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்

நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்யும் ரோபோ பற்றி அண்மையில் அடுத்தடுத்துக் கேள்விகள் வந்துவிட்டன. பங்களா வீட்டுக்காரர்கள் மட்டுமல்ல, சின்னக் குளத்தோடு ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்து இந்த வாரமே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் எட்டு மீட்டர் நீளத்தில் ஒரு குளம், உள்ளே முழுக்க மொசைக் கல். வாரம் ஒரு முறை வந்து சுத்தம் செய்தவர் வேலையை விட்டுவிட்டார். சிங்கப்பூரில் இருக்கும் மகன் அங்கிருந்தே ஒரு ரோபோ வாங்கி வருகிறேன் என்கிறான். எனக்கு 63 வயது, முதுகுவலியும் உண்டு. அவன் திரும்பிப் போனபின் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எதைப் பார்த்து வாங்கச் சொல்வது?
- வாசகி, தஞ்சோங் பூங்கா, பினாங்கு

பதில்: வாங்கிக் கொடுப்பது மகனுக்கு ஒரு நாள் வேலை. அதைத் தூக்கி, திறந்து, கழுவிக் காயவைப்பது உங்களுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேலை. அதனால் விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் உறிஞ்சும் சக்தி, கைப்பேசிச் செயலி எல்லாவற்றையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இந்த இயந்திரம் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதை முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

பழைய மாதிரிகளில் குப்பை சேரும் துணிப்பை அடியில் இருக்கும். இயந்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடித்தட்டின் கொக்கிகளை விடுவித்து, சட்டத்திலிருந்து பையை உருவி, உள்புறம் வெளியே வரும்படி திருப்பித்தான் கழுவ முடியும். ஆயர் ஈத்தாமில் என் அக்கா வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் அங்சானா மரம், நம் இலக்கியம் பாடும் வேங்கைக்கு நெருங்கிய உறவு. அது பூத்து உதிரும் நாளில் குளமே மஞ்சளாகிவிடும். அந்த இதழ்கள் தண்ணீரில் ஊறினால் காகிதக் கூழ் மாதிரி துணியில் அப்பிக்கொள்ளும். குழாய்த் தண்ணீரை எவ்வளவு அடித்தாலும் தையல் ஓரத்தில் இருப்பது போகாது, நகத்தால்தான் சுரண்ட வேண்டும். மூன்றாவது மாதத்திலேயே அக்கா அதைத் தொடுவதை விட்டுவிட்டார். ஈரப் பையோடு கொட்டகையில் கிடந்து நாறிப் போயிற்று. மோட்டார் கடைசி வரை நன்றாகத்தான் இருந்தது. அதைக் கழுவ முடியாமல் போனதுதான் கெடுத்தது. அத்தனை பணம் போட்டு வாங்கிய பொருள் இப்படிப் போனதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

இப்போது வருகிற பல மாதிரிகளில் மூடி மேலேயே இருக்கிறது. மூடியைத் தூக்கினால் கூடை கையோடு வரும், குப்பையைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். உங்களுக்கு இதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். கடையில் காட்சிக்கு வைத்திருப்பதை மகனைத் திறக்க விடாதீர்கள், நீங்களே திறந்து பாருங்கள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஈரக் கையோடு, ஒருவர் துணையும் இல்லாமல் கூடையை எடுத்துத் திரும்பப் பொருத்த முடிகிறதா? முடியாவிட்டால் அடுத்ததைப் பாருங்கள்.

அப்புறம் எடை. எட்டு முதல் பதினொரு கிலோ வரை இருப்பதுதான் அதிகம். குளத்திலிருந்து எடுக்கும்போது உள்ளே நிற்கும் தண்ணீரும் சேரும். கரையோரம் கொண்டுவந்து, கைப்பிடியைப் பிடித்து நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். அடியிலிருக்கும் வழியாகத் தண்ணீர் கொட்டிவிடும், அதன் பிறகு கரையேற்றினால் முதுகுக்குப் பாரம் குறையும். வயரைப் பிடித்து மெதுவாகக் கரைக்கு இழுக்கலாம், ஆனால் வயரைப் பிடித்துத் தூக்கவே கூடாது. சக்கரம் வைத்த தள்ளுவண்டி தனியாக விற்கிறார்கள் என்றால் அதற்குக் கொடுக்கும் பணம் உங்களைப் பொறுத்தவரை வீண் செலவு இல்லை.

ஃபில்டரில் இரண்டு வகை உண்டு. இலை, பூ, பூச்சிகளைப் பிடிக்கும் பெரிய கண் வலை ஒன்று. மாவு போன்ற தூசியைப் பிடிக்கும் மடிப்பு மடிப்பான கார்ட்ரிட்ஜ் இன்னொன்று. இரண்டையும் மாற்றி மாற்றிப் போடக்கூடிய மாதிரியாக வாங்குங்கள். காற்று மழைக்கு மறுநாள் வலை, மற்ற நாளில் கார்ட்ரிட்ஜ். கார்ட்ரிட்ஜைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் மடிப்பு மடிப்பாகக் கழுவ வேண்டும். கார் கழுவும் ஜெட்டை அதன்மேல் பிடித்தால் கிழிந்துவிடும். நம் வீடுகளில் பிள்ளைகள் தலையில் தேங்காய் எண்ணெயோடு குதிப்பார்கள். அந்த எண்ணெயும் வெயிலுக்குப் பூசும் கிரீமும் மடிப்பில் படிந்துவிட்டால் வெறும் தண்ணீர் போதாது. பாத்திரம் கழுவும் சோப்பைச் சில சொட்டு விட்ட வாளியில் இரவு முழுக்க ஊறவைத்து, நுரை சுத்தமாகப் போகும் வரை அலசுங்கள். ஊறவைத்த வாளியைக் கவிழ்த்து வைக்க மறக்காதீர்கள். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் டிங்கிப் பிரச்சினை, சோதனைக்கு வருகிறவர்களிடம் அபராதம் வேறு.

உங்கள் குளம் மொசைக் கல் என்று எழுதியிருக்கிறீர்கள், இது முக்கியம். வழவழப்பான கல்லில் சாதாரண ரப்பர் பிரஷ் வழுக்கும். அதற்கென்றே பிவிஏ எனப்படும் பஞ்சு மாதிரியான பிரஷ் இருக்கிறது. காய்ந்தால் கட்டை மாதிரி இறுகிவிடும், ஓட்டுவதற்கு முன் தண்ணீரில் ஊறினால் மெத்தென்று ஆகிவிடும். இறுகியதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டவர்களும் இருக்கிறார்கள். பிரஷ் தேயும் பொருள், அடிக்கடி ஓட்டினால் ஓரிரு வருடத்தில் மாற்ற வேண்டி வரும். இங்கே கிடைக்குமா என்று இப்போதே கேளுங்கள்.

வயர் உள்ளதா, பேட்டரியா? நீங்கள் என் அக்காவாக இருந்தால் வயர் உள்ளதையே வாங்கச் சொல்வேன். பேட்டரி வகை கையாளச் சுலபம்தான். ஆனால் பேட்டரி ஆண்டுக்கு ஆண்டு வலுவிழக்கும், பலவற்றில் அதை நாமே மாற்றவும் முடியாது. பேட்டரி தீர்ந்ததும் குளத்தின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் மாதிரிகளைக் கொக்கிக் கம்பால் எடுக்க வேண்டும். உங்கள் முதுகுக்கு அது ஆகாது. வயரில் இருக்கும் ஒரே தொல்லை முறுக்கு. குளத்துக்குத் தேவையான நீளத்தை மட்டும் தண்ணீரில் விடுங்கள். முறுக்கு ஏறினால் கழற்றி, நல்ல வெயிலில் தரையில் நேராக நீட்டிப் போடுங்கள், சூட்டில் இளகி நேராகும். இயந்திரத்தை மட்டும் வெயிலில் விடாதீர்கள். பிளாஸ்டிக்கும் ரப்பரும் நம் ஊர் வெயிலில் வெடித்துவிடும். குளத்துக்குள்ளேயே நாள் கணக்கில் கிடக்கவிடுவதும் தவறு.

கடைசியாக, சிங்கப்பூர். அங்கே கொடுக்கும் உத்தரவாதம் இங்கே செல்லாமல் போகலாம். பினாங்கில் அல்லது கோலாலம்பூரில் பழுதுபார்க்கும் இடம் இருக்கிறதா, எழுத்தில் தருவார்களா என்று கேட்டுவிட்டு, முடிந்தவரை இங்கேயே வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

கேள்வி: ஓராண்டு நன்றாக ஓடியது. இப்போது ஒரே இடத்தில் வட்டமடிக்கிறது, சுவரிலும் ஏறவில்லை. கடையில் மோட்டார் போயிருக்கும், மாற்ற வேண்டும் என்கிறார்கள். நம்பலாமா?
- வாசகர், செராஸ், கோலாலம்பூர்

பதில்: மோட்டாராகவும் இருக்கலாம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் பிளக்கைக் கழற்றுங்கள், இது கட்டாயம்.

சுவர் ஏறாததற்குப் பெரும்பாலும் காரணம் அடைத்த ஃபில்டர். தண்ணீரை உள்ளிழுத்து மேலே தள்ளும் விசைதான் இயந்திரத்தைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கிறது. ஃபில்டர் அடைத்தால் அந்தப் பிடி போய்விடும். கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டு வெறும் வலையோடு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ஏறிவிட்டால் வேலை முடிந்தது. இல்லையென்றால் பிரஷின் மேடுகள் தேய்ந்து தட்டையாகிவிட்டனவா, சுவரில் விரல் வைத்தால் பாசி வழுக்குகிறதா என்று பாருங்கள்.

வட்டமடிப்பது வேறு கதை. ஒரு பக்கம் ஓடுகிறது, மறுபக்கம் ஓடவில்லை என்று பொருள். இரண்டு பக்கத்துப் பெல்ட்டையும் கையால் மெதுவாக நகர்த்திப் பாருங்கள், ஒன்று இறுக்கமாக இருந்தால் அங்கே ஏதோ சிக்கியிருக்கிறது. சின்னக் கல், ரம்புத்தான் கொட்டை, பிள்ளைகளின் ரப்பர் வளையம், எதுவும் இருக்கும். பிறகு மேலே தண்ணீர் வெளியேறும் இடத்தில் உள்ள மூடியின் திருகுகளைக் கழற்றுங்கள். உள்ளே சின்ன விசிறி ஒன்று தெரியும், அதுதான் இம்பெல்லர். அதன் தண்டைச் சுற்றிப் பாருங்கள். நீளமான தலைமுடி இழை இழையாகச் சுற்றி, பாசியோடு சேர்ந்து கறுப்பு மோதிரம் மாதிரி இறுகியிருக்கும். இழுத்தால் வராது. நகம் வெட்டும் சின்னக் கத்தரியால் ஒரு பக்கம் வெட்டி, பல் துலக்கும் பழைய பிரஷால் உருட்டி எடுங்கள். விசிறியை விரலால் தட்டினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். மாதம் ஒரு முறை இதைச் செய்தாலே மோட்டாரின் ஆயுள் கூடும்.

வயர் முறுக்கிக்கொண்டாலும் இயந்திரம் ஒரே பக்கம் இழுக்கும், அதையும் நேராக்குங்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பக்கம் அசையவே இல்லை என்றால் கடைக்காரர் சொல்வது சரியாக இருக்கலாம். மோட்டார் பெட்டியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். தண்ணீர் புகாதபடி அடைத்த பெட்டி அது, அந்த அடைப்பை வீட்டில் திரும்பப் போட முடியாது. மாற்றுவதாக இருந்தால் பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லி, விலையை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: பிள்ளைகள் குளிக்கும்போதே ரோபோவை ஓட விடலாமா?
- வாசகி, பாயான் லெப்பாஸ்

பதில்: கூடாது. சுவரில் இருந்து வரும் மின்சாரத்தை ரோபோவோடு வரும் மின்பெட்டி 24, 30 வோல்ட் அளவுக்குக் குறைத்துத்தான் அனுப்புகிறது. இருந்தாலும் தண்ணீரில் ஆள் இருக்கும்போது ஓட்டவே கூடாது. தலைமுடி, விரல் மாட்டும் ஆபத்தும் உண்டு. மின்பெட்டி குளத்திலிருந்து குறைந்தது மூன்றரை மீட்டர் தள்ளி, நிழலில், மழை படாத இடத்தில் இருக்கட்டும். அந்தச் சாக்கெட் மின்கசிவைத் துண்டிக்கும் சாதனம் வழியாக வருகிறதா என்று வயர்மேனைக் கேளுங்கள். மாலையில் இடி கேட்டால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: இணையத்தில் பேட்டரி ரோபோ வாங்கினேன். உத்தரவாதம் ஓராண்டு. பதினான்காவது மாதத்தில் சார்ஜ் ஏறவில்லை. பேட்டரி தனியாகக் கிடையாது, புதிதாக வாங்குங்கள் என்கிறார் விற்றவர். இவ்வளவு விலை கொடுத்துவிட்டுத் தூக்கிப் போடுவதா?
- வாசகர், பட்டர்வெர்த்

பதில்: தூக்கிப் போட வேண்டாம். முதலில் சார்ஜ் ஏறும் முனையைப் பாருங்கள். ஈரத்தோடு சார்ஜ் போட்டிருந்தால் பித்தளை முனையில் பச்சை படிந்திருக்கும், காய்ந்த துணியால் துடைத்து, நன்றாக உலர்த்தி, மறுபடி போட்டுப் பாருங்கள். சார்ஜரே போயிருந்தால் அதன் மேல் எழுதியிருக்கும் அதே வோல்ட் உள்ளதாக, மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரை உள்ளதாக வாங்குங்கள். வேறு வோல்ட் சார்ஜரை மாட்டுவது தீ விபத்தில் கொண்டு விடும்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் சட்டம் உங்கள் பக்கம் பேசுகிறது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கடைக்காரர் எழுதித் தரும் உத்தரவாத அட்டையோடு நிற்பதில்லை. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது, அதில் நீடித்து உழைப்பதும் அடங்கும். அதன் 37ஆவது பிரிவு உங்களுக்கென்றே எழுதியது போல் இருக்கிறது: பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் நியாயமான காலம் வரை கிடைப்பதற்கு உற்பத்தியாளரும் விற்றவரும் நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். பாகம் கிடைக்காது என்று விற்கும்போதே உங்களுக்குத் தெரிவித்திருந்தால் மட்டும் இது பொருந்தாது. ஆகவே விற்பனைப் பக்கத்தின் படம், உரையாடல், ரசீது எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். விற்றவர் பக்கத்தை மாற்றிவிடக்கூடும்.

இந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டி விற்றவருக்கு எழுதுங்கள், பதிலுக்கு இரண்டு வாரம் கொடுங்கள். மசியவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போங்கள். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே பேசலாம். எழுதுவதற்குத் தயக்கமாக இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் போய்க் கேளுங்கள். விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் மட்டும் தீர்ப்பை நிறைவேற்றுவது கடினம். அப்போது வாங்கிய தளத்தின் புகார் பகுதியில் உடனே பதிந்துவிடுங்கள்.

கேள்வி: ஹோம்ஸ்டே குளம் பச்சையாகிவிட்டது. நல்ல ரோபோ வாங்கினால் தெளிந்துவிடுமா?
- வாசகர், பங்சார்

பதில்: தெளியாது. ரோபோ துடைப்பம் மாதிரி, மருந்து இல்லை. பச்சைக்குக் காரணம் பாசி, பாசிக்குக் காரணம் குளோரின் குறைந்தது. தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 7.2க்கும் 7.6க்கும் இடையில் கொண்டுவந்து, குளோரினைக் கூட்டிப் போட்டு, குளத்தின் பெரிய பம்பை ஓட்டுங்கள். அந்த நேரத்தில் ரோபோ கரையில் இருக்கட்டும், அதிகக் குளோரின் அதன் ரப்பரைத் தின்றுவிடும். பாசி செத்துச் சாம்பல் நிறத்தில் அடியில் படிந்து, குளோரின் 1 முதல் 3 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு) இறங்கியதும் ரோபோவை இறக்குங்கள். செத்த பாசி மாவு மாதிரி இருக்கும், கார்ட்ரிட்ஜ் இருபது நிமிடத்திலேயே அடைத்துவிடும். முதல் நாள் நாலைந்து தடவை எடுத்துக் கழுவ வேண்டி வரும், பக்கத்திலேயே குழாயை இழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.